கிழக்குச் சரிவின் வெள்ளைக் கற்கள்

நவம்பர் 22, சனி

சித்தி காலை பஸ்ஸில் இரண்டு பைகளும் இருபத்தாறு தகரப் பெட்டிகளுமாக வந்து இறங்கினாள். பிஸ்கட் வியாபாரமா என்று கண்டக்டர் கேட்டாராம். எலிப்பொறி என்று சொன்னதும் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து, அரவக்குறிச்சி வரை நின்றுகொண்டே வந்தாராம்.

சித்தியின் பெயர் கோகிலவாணி. அம்மாவுக்கு ஒரே தங்கை. திருச்சியில் ஒரு கல்லூரியில் காட்டுச் சுண்டெலிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். வீட்டில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் ஓடுமே, அது இல்லை. மனிதர் தயவு இல்லாமல் மேய்ச்சல் காட்டிலும் கரட்டிலும் வாழ்கிறவை. எங்கள் ஊருக்குப் பின்னால் இருக்கும் ஊசிக்கரடு என்ற பாறைக் குன்றில் அவை நிறைய உண்டு என்பதால் ஜனவரி வரை அவ்வப்போது வந்து எங்கள் வீட்டில் தங்கப் போகிறாள். எனக்கு இதைவிட நல்ல செய்தி இந்த வருடம் வரவில்லை.

அப்பா வேலை செய்யும் பஸ் பாடி கட்டும் பட்டறையில் கொடுத்த டைரி ஒன்று பீரோவில் சும்மா கிடந்தது. எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

விடியும்போதே கரட்டுக்குப் போய்விட்டோம். நேற்று மாலை வறுத்த நிலக்கடலையும் தேங்காய்ச் சில்லும் வைத்திருந்த பெட்டிகளில் ஆறு மூடியிருந்தன. சித்தி ஒரு பெட்டியைத் துணிப்பைக்குள் கவிழ்த்து, பையோடு தராசில் தொங்கவிட்டு, பிறகு எலியின் பிடரித் தோலை இரண்டு விரலால் பிடித்து வெளியே எடுத்தாள்.

நான் இதுவரை எலியைச் சரியாகப் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஓடுவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

எடை பத்து கிராம். வயிறு சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை. முதுகு காய்ந்த புல்லின் நிறம். பாதத்தின் அடியில் ஆறு சின்ன மெத்தைகள். என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய பாதத்தில் ஆறு! இது வயல் சுண்டெலி. வீட்டுச் சுண்டெலிக்கு வால் உடம்பைவிட நீளம், இதற்குக் குறைவு. வீட்டுச் சுண்டெலியின் மேல்பல்லைப் பக்கவாட்டில் பார்த்தால் ஒரு வெட்டு இருக்கும், இதற்கு இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே குடும்பப் பெயர், மஸ். அதற்குப் பிறகு வரும் இரண்டாவது பெயர்தான் ஒவ்வொன்றுக்கும் சொந்தம்.

நான்காவது பெட்டியில் இருந்தது வேறு மாதிரி. பழுப்பு நிறம், பதினெட்டு கிராம். “முதுகத் தடவிப் பாரு” என்றாள் சித்தி. வாலிலிருந்து தலைப்பக்கம் தடவினேன். துணி தோய்க்கும் பிரஷ் மாதிரி குத்தியது. முடிகளுக்கு நடுவே தட்டையான முட்கள். அதனால்தான் இதன் இரண்டாவது பெயர் பிளாட்டித்ரிக்ஸ். கிரேக்க மொழியில் தட்டை முடி என்று பொருளாம். எங்கள் ஊரில் இதைக் கல்லெலி என்பார்கள். ஏன் என்று சித்தி மேற்குச் சரிவில் காட்டினாள். அதன் துளை வாயைச் சுற்றிப் புளியங்கொட்டை அளவுக் கற்கள் அரைவட்டமாகக் குவிந்திருந்தன. எல்லாம் அது வாயால் தூக்கி வந்தவை. உள்ளேயும் படுக்கைக்கு அடியில் கற்களைப் பரப்பி வைக்குமாம். பதினெட்டு கிராம் எலி, ஒரு கிராம் கல்லைத் தூக்கிக்கொண்டு எத்தனை தடவை நடந்திருக்கும்!

நவம்பர் 24, திங்கள்

கணக்குத் தேர்வில் எழுபத்தொன்று. அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, எலிக்கு எத்தனை பாத மெத்தை என்று என்னைக் கேட்டாள். ஆறு என்றேன். “இது மட்டும் உடனே வருது” என்றாள்.

நவம்பர் 26, புதன்

சித்தி இன்று திருச்சிக்குத் திரும்பினாள். போவதற்கு முன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

கரட்டில் கல்லெலி மாதிரியே முள்முடி உள்ள இன்னொரு எலியும் இருக்கிறது. கிழக்குச் சரிவில் புல்லுக்கு நடுவே வைத்த பெட்டிகளில் மட்டும் அகப்படுகிறது, அதன் துளைகளைச் சித்தி இன்னும் தேடிப் பார்க்கவில்லை. சாம்பல் நிறம், பாதம் இரண்டு மில்லிமீட்டர் குட்டை. சித்தி அதைத் தனி இனம் என்கிறாள். அவளுடைய ஆய்வை மதிப்பிடும் குழுவோ, நிறமும் இரண்டு மில்லிமீட்டரும் போதாது, இவை ஒரே இனத்தின் இரண்டு சாயலாக இருக்கலாம், வாழும் முறையில் வித்தியாசம் காட்டு என்று போன வருடம் திருப்பி அனுப்பிவிட்டது. அடுத்த கூட்டம் ஜனவரி ஆறாம் தேதி.

“இதிலயும் தள்ளிவிட்டாங்கன்னா நான் விட்டர்றேன்க்கா. அஞ்சு வருசம் ஆச்சு” என்றாள்.

அம்மா முருங்கைக்கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. “விட்டுட்டு என்ன பண்ணுவ? எலியில்லாம உனக்குத் தூக்கம் வருமா?” என்றாள். சித்தி சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்த பிறகும் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள்.

பஸ் ஏறும்போது என்னிடம் ஒரு வேலை சொன்னாள். கிழக்குச் சரிவில் உள்ள துளைகளையெல்லாம் தேடி, எண் போட்டு, ஒரு வரைபடம் தயாராக வைத்திருக்க வேண்டும். அவள் வந்ததும் ஒவ்வொரு துளைக்கும் ஒரு பெட்டி வைப்பாள். அவளுடைய களக்குறிப்பு நோட்டில் இடதுபக்கம் ‘பார்த்தது’, வலதுபக்கம் ‘நினைத்தது’. இரண்டையும் கலக்கவே கூடாது என்றாள். கலக்க மாட்டேன் என்று சொன்னேன்.

டிசம்பர் 6, சனி

மேற்குச் சரிவில் துளைகளைத் தேடவே வேண்டாம், கற்களே காட்டிக்கொடுக்கும். கிழக்கில் அப்படி இல்லை. கொழுக்கட்டைப் புல்லுக்கு நடுவே துளை மண்ணோடு மண்ணாக இருக்கிறது. ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு வரைபடத்தில் குறித்து நிமிர்ந்தால், அது எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

அதனால் ஒரு யோசனை செய்தேன். பாதையில் வெங்கச்சங்கல் வெள்ளையாக மின்னிக்கொண்டு கிடக்கிறதே, அதில் சின்னதாகப் பார்த்துப் பொறுக்கி, ஒவ்வொரு துளை வாயிலும் ஒரு கைப்பிடி வைத்தேன். எங்கள் ஊரில் மேய்ச்சல் காட்டில் யாராவது சாணியைப் பார்த்தால் அதன்மேல் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். பிறகு கூடை எடுத்து வரும்வரை வேறு யாரும் தொடமாட்டார்கள். அதே முறைதான். எலிக்குச் சிரமமாக இருக்கக் கூடாதென்று புளியங்கொட்டையைவிடப் பெரிய கல்லை எடுக்கவில்லை. மேற்கில் பார்த்தது மாதிரியே அரைவட்டமாக வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது.

ஆடு மேய்க்கும் மாரக்கா அந்த வழியாக வந்தார். “சாணிக்குக் கல்லு வெப்பாங்க. நீ எலிக்கே வெச்சுட்டயா? எவ தூக்கிட்டுப் போறான்னு பாக்கறேன்” என்றார். இது ஆராய்ச்சிக்கு என்றேன். ஆராய்ச்சி முடிந்ததும் அவருடைய அரிசிப் பானைக்குள் உட்கார்ந்திருக்கும் ஆராய்ச்சியையும் வந்து பிடித்துக்கொண்டு போகச் சொன்னார்.

டிசம்பர் 7, ஞாயிறு

பதினான்கு துளைகள். வரைபடம் முடிந்தது. திசை, வெள்வேல மரம், பாறை எல்லாம் குறித்திருக்கிறேன். மலை மாதிரி வரைய வந்தது முட்டை மாதிரி இருக்கிறது.

டிசம்பர் 12, வெள்ளி

அரையாண்டுத் தேர்வு. ஆங்கிலம் பரவாயில்லை.

டிசம்பர் 18, வியாழன்

அறிவியல். உயிரின வகைப்பாட்டில் ஐந்து மதிப்பெண் கேள்வி வந்தது. நான்கு பக்கம் எழுதினேன். மேற்பார்வைக்கு வந்த டீச்சர் நின்று படித்துவிட்டு, மற்ற கேள்விகளும் இருக்கின்றன என்று ஞாபகப்படுத்தினார்.

டிசம்பர் 24, புதன்

சித்தி வந்துவிட்டாள். வரைபடத்தைப் பார்த்து, முட்டையை மிகத் துல்லியமாக வரைந்திருக்கிறாய் என்றாள். மாலையில் பதினான்கு துளைக்கும் பெட்டி வைக்கக் கிளம்பினாள். அம்மாவுக்கு உரலில் மாவாட்டிக் கொடுக்க வேண்டியிருந்ததால் நான் போகவில்லை. கரண்ட் காலையிலிருந்து இல்லை.

சித்தி திரும்பி வரும்போது ஏறக்குறைய ஓடி வந்தாள்.

டிசம்பர் 25, வியாழன்

காலையில் பதினான்கு பெட்டிகளில் ஒன்பதில் எலி. ஒன்பதும் சாம்பல். அவற்றின் கண்கள் பழுப்பின் கண்களைவிடப் பெரியவை. மீசை முடி தோளைத் தாண்டுகிறது. ஒன்று, பையிலிருந்து விட்டதும் ஓடாமல் என் செருப்பின் மேல் உட்கார்ந்து முகத்தைக் கழுவிக்கொண்டது. முன்னங்கால் இரண்டையும் காதுக்குப் பின்னாலிருந்து மூக்குவரை இழுத்து, மூன்று முறை. அவசரமே இல்லை.

சித்தி துளை துளையாகப் படம் எடுத்தாள். மண்டியிட்டு, அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுத்தாள். “சுடரு, இதப் பாரு. பழுப்பு கையில கெடச்ச கல்லெல்லாம் அள்ளிட்டு வருது. இது பொறுக்கி எடுக்குது. வெள்ள மட்டும். ஒரு கறுப்புக் கல்லு இல்ல, ஒரு செவப்புக் கல்லு இல்ல.”

எனக்கு வெயில் அதிகமாக இருந்தது. தண்ணீர் குடித்தேன்.

டிசம்பர் 26, வெள்ளி

சித்தி படங்களை மடிக்கணினியில் அம்மாவுக்குக் காட்டினாள். வெள்ளைக் கல் ஏன் என்று மூன்று காரணம் யோசித்து வைத்திருக்கிறாள். வெள்ளைக் கல் வெயிலில் சூடேறாமல் இருக்கலாம். நிலா வெளிச்சத்தில் வாசலைக் காட்டலாம். இணை தேடும்போது அழகுக்காகக்கூட இருக்கலாம். இது உறுதியானால் குழு வாயைத் திறக்க முடியாது, இப்படி இரண்டு விதமாக வீடு கட்டுகிறவை ஒரே இனமாக இருக்கவே முடியாது என்றாள். சித்தியை நான் இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை. முகத்தில் ஏதோ ஒரு விளக்கைப் போட்ட மாதிரி இருந்தது.

அம்மா ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். அரைவட்டங்கள். பிறகு என்னைப் பார்த்தாள். “காப்பி ஆறுது பாரு” என்றாள். என் தம்ளரில் காப்பியே இல்லை.

டிசம்பர் 27, சனி

தலைவலி. எழுத ஒன்றுமில்லை. துணி மடித்தேன், கிணற்றடியைக் கழுவினேன், ஆடுகளுக்குக் கிளுவைத் தழை ஒடித்துப் போட்டேன். அம்மா ஒரு வேலையும் சொல்லவில்லை.

டிசம்பர் 28, ஞாயிறு

சித்தி தன் பேராசிரியருக்கு போன் செய்து சொல்லிவிட்டாள். அவர் படங்களைப் பார்த்துவிட்டு மிகவும் ஆர்வமாகிவிட்டாராம். ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். இந்தக் கற்களை முதன்முதலில் பார்த்தது எப்போது?

சித்தி என்னிடம் திரும்பி, “டிசம்பர் ஆறாந்தேதி நீ போனப்பவே இந்தக் கல்லுங்க இருந்துதில்ல?” என்று கேட்டாள்.

ஆறாம் தேதி அந்தக் கற்கள் அங்கே இருந்தன. அது உண்மைதான். நான் தலையை ஆட்டினேன். சித்தி நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இன்று மதியம் ரசம் நன்றாக இருந்தது.

டிசம்பர் 29, திங்கள்

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ரசத்தைப் பற்றிய வரியைத் தவிர எல்லாம் தப்பு.

காலையில் சித்தி குளிக்கப் போனபோது களக்குறிப்பு நோட்டைத் திறந்தேன். ‘சாம்பல் எலி துளை வாயில் வெண்ணிறக் கற்களைச் சேர்க்கிறது’ என்று இடதுபக்கத்தில் எழுதியிருந்தாள். பார்த்தது என்ற பக்கத்தில். அந்த எலியைப் பார்த்தேனே, என் செருப்பின் மேல் உட்கார்ந்து முகம் கழுவியதே, அது தன் வாழ்நாளில் ஒரு கல்லைக்கூடத் தொட்டிருக்காது. அது செய்யாததை அதன் பெயரில் எழுதியாகிவிட்டது. இனி அது புத்தகத்தில் ஏறும். என்னைப்போல் யாராவது ஒருத்தி அதைப் படித்துவிட்டு, என்ன அறிவு என்று வியப்பாள். அப்படிப்பட்ட வரிகளை நம்பித்தானே நானும் வியந்துகொண்டிருக்கிறேன்.

கரட்டுக்குப் போகும் வழியில், மாரக்காவின் பட்டியைத் தாண்டியதும் சொன்னேன். “சித்தி, அந்த வெள்ளக் கல்லு நான் வெச்சது.”

அவள் நடந்துகொண்டே, எந்தக் கல் என்று கேட்டாள்.

“எல்லாமே.”

சித்தி நின்றாள். சாணி, அடையாளம், கைப்பிடி, அரைவட்டம் எல்லாவற்றையும் சொன்னேன். ஊர் வழக்கம் அவளுக்குத் தெரியாது. அவளும் அம்மாவும் வளர்ந்தது திருப்பூரில். அம்மா கல்யாணமாகி இங்கே வந்து பதினேழு வருடமாகிறது, அவளுக்குத் தெரியும்.

என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் வரப்பில் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள். திரும்பாமலேயே சொன்னாள். “கல்லு வெச்சது தப்பில்ல, சுடரு. உனக்குத் தெரியாது. நேத்து தலையாட்டுன பாரு, அதுதான்.”

அழுதேன். அவள் அதற்கும் திரும்பவில்லை.

பிறகு போனை எடுத்துப் பேராசிரியரை அழைத்தாள். தவறு நடந்துவிட்டது, படங்களை நீக்கிவிடுங்கள், சரிபார்க்காமல் சொன்னது என் தவறு என்றாள். என் பெயரைச் சொல்லவே இல்லை. அவர் ஏதோ நீளமாகப் பேசினார். சித்தி “சரிங்க சார்” என்று ஐந்து தடவை சொன்னாள். நான் எண்ணினேன்.

வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று எழுந்தாள். நாலடி நடந்ததும் நின்று கேட்டாள். “நீ வெக்கறதுக்கு முன்னால அந்த வாய்லயெல்லாம் கல்லு எதாச்சும் இருந்துதா?”

“ஒண்ணுகூட இல்ல சித்தி. இருந்திருந்தா நான் எதுக்கு வெக்கறேன்?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்ன பிறகு முதல்முறையாகப் பார்த்தாள். “பதினாலுலயும்?”

“பதினாலுலயும்.”

“கல்லே இல்ல” என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வீட்டுப் பக்கம் திரும்பியிருந்த கால்கள் கரட்டுப் பக்கம் திரும்பின.

டிசம்பர் 30, செவ்வாய்

கிழக்கில் என் கற்களையெல்லாம் பொறுக்கிவிட்டோம். நூற்று முப்பத்தொன்று. வைத்தபோது எண்ணவில்லை, இன்னும் அதிகமாக இருந்திருக்கும். பையில் சுமந்துபோய், கரட்டின் உச்சியில் வெள்வேல மரத்தடியில் கொட்டினோம்.

பிறகு சித்தி சொன்னாள், நான் சொன்னதை மட்டும் வைத்து எழுத முடியாது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி செய்து பார்க்க வேண்டும் என்று. நான் சொன்னதை வைத்து. அவள் குத்திக்காட்டவில்லை, ஆனால் குத்தியது. மேற்கில் பழுப்புகளின் பன்னிரண்டு வாசல்களிலும் கற்களை அகற்றி, கைக்கெட்டும் தூரத்தில் பரப்பிவிட்டோம். அதே அளவுக் கற்களைக் கிழக்கிலும் ஒவ்வொரு துளைக்கும் அதே தூரத்தில் பரப்பினோம். நான் எந்தத் துளைக்கும் அருகில் போக வேண்டாம், நோட்டை மட்டும் பிடித்துக்கொள் என்றாள். இந்தத் தடவை அடையாளத்துக்கு மூங்கில் குச்சி.

டிசம்பர் 31, புதன்

பழுப்பு: நான்கு வாசலில் கற்கள் வந்துவிட்டன. நேற்று ஒரு குடும்பத்தின் வீட்டை இடித்துவிட்டு வந்த மாதிரி மனசு இருந்தது. இன்று போய்ப் பார்த்தால் அவை நம்மை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

சாம்பல்: ஒன்றுமில்லை.

ஜனவரி 1, வியாழன்

பழுப்பு ஏழு. சாம்பல் ஒன்றுமில்லை. அம்மா பாயசம் வைத்தாள். சித்திக்கு ஊற்றும்போது, “எனக்கு அன்னிக்கே தெரியும் கோகி. அவளே சொல்லட்டும்னு இருந்தேன்” என்றாள். சித்தி, இரண்டு பேரும் சேர்ந்து என் ஆய்வுக்குக் கல் வைத்துவிட்டீர்கள் என்றாள். முதலில் அம்மா சிரித்தாள், பிறகு சித்தி. நான் கடைசியில்.

ஜனவரி 3, சனி

பழுப்பு, பன்னிரண்டில் பத்து. சாம்பல், பதினான்கில் பதின்மூன்று வாசல்கள் வெறுமை. ஒன்பதாம் துளையில் மட்டும் ஐந்து கறுப்புக் கற்கள். அங்கே பெட்டி வைத்தும் எதுவும் விழவில்லை. நானும் தொடவில்லை. சித்தி அதையும் எழுதிக்கொண்டாள். இதைச் சொன்னால் குழு பிடித்துக்கொள்ளாதா என்று கேட்டேன். பிடித்துக்கொள்ளட்டும், அது பார்த்தது என்றாள்.

சாம்பல் எலியை இப்போது முன்பைவிட அதிகமாகப் பிடித்திருக்கிறது. வாசலில் ஒன்றும் வைக்காமல், யாருக்கும் தெரியாமல் ஒரு சரிவு முழுக்கக் குடியிருக்கிறது. பக்கத்துச் சரிவில் அதன் உறவு அத்தனை கல்லையும் சுமந்து சாகிறது. உடம்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். வாழ்க்கை எவ்வளவு வேறு!

ஜனவரி 4, ஞாயிறு

சித்தி திருச்சிக்குப் போய்விட்டாள். களக்குறிப்பு நோட்டை ஜன்னல் மேலேயே விட்டுவிட்டாள். படங்களும் எண்களும் மடிக்கணினியில் இருக்கின்றன என்று அம்மா சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஜனவரி 6, செவ்வாய்

பள்ளியில் ஒரு பாடமும் மண்டையில் ஏறவில்லை. நாலரை மணிக்கு சித்தி போன் செய்தாள்.

குழு ஏற்றுக்கொண்டது. இரண்டையும் தனி இனங்களாகவே வைத்து எழுதலாம், மரபணுச் சோதனையும் சேர்த்துக்கொள் என்றார்களாம். ஒன்பதாம் துளையைப் பற்றி இருபது நிமிடம் கேள்வி கேட்டார்களாம். தெரியாது என்று இருபது நிமிடம் சொன்னாளாம். அதோடு, கிழக்குச் சரிவில் டிசம்பர் ஆறு முதல் முப்பது வரை மனிதர் வைத்த கற்கள் இருந்தன, வைத்தவர் களத்தில் துளைகளைக் கண்டறிந்த சுடர்விழி என்று தானே திரையில் போட்டுக் காட்டினாளாம். ஏன் சித்தி என்றேன். துளைகளைக் கண்டுபிடித்தது நீதானே, அதை எப்படி மறைப்பது என்றாள்.

கடைசியாகச் சொன்னேன். “நோட்ட மறந்து வெச்சுட்டுப் போயிட்டீங்க சித்தி.”

“மறக்கல” என்றாள்.

ஜனவரி 10, சனி

விடிந்ததும் கரட்டுக்குப் போனேன். சித்தியின் நோட்டில் என் கையெழுத்து முதல்முறையாக. இங்கேயும் பெயர்த்து எழுதி வைக்கிறேன்.

பார்த்தது: வெள்வேல மரத்தடியில் கொட்டிய வெள்ளைக் கற்களின் ஓரம் கலைந்திருக்கிறது. அங்கிருந்து பதினோரு அடி கீழே, மேற்குச் சரிவின் மூன்றாம் துளை. பழுப்பு எலியின் வாசலில் பழுப்பும் கறுப்புமான கற்களுக்கு நடுவே நான்கு வெள்ளைக் கற்கள்.

வைத்தது நான் இல்லை.